பட்டை முதல் வில்லை வரை: ஒரு வலிநீக்கியின் வரலாறு



இரண்டு சொற்களை முன்வைத்து இவ்வுரையைத் தொடங்க விழைகிறேன். ஒன்று முடக்கறுத்தான், மற்றொன்று ஆஸ்பிரின்.

முடக்கறுத்தான் வேலியோரங்களில் படரும் ஒரு கொடியின் பெயர். மூட்டுகளை மடக்கவும் நீட்டவும் இயலாதபடி செய்யும் முடக்கு நோயை அறுப்பது என்னும் பொருள் அப்பெயரிலேயே அமைந்துள்ளது. பேச்சு வழக்கில் அது முடக்கத்தான் எனத் திரிந்து, இன்று தோசை மாவிலும் இரசத்திலும் கலந்து நம் வீடுகளில் வாழ்கிறது. ஆஸ்பிரின் உலகெங்கும் மருந்தகங்களில் கிடைக்கும் ஒரு வில்லையின் பெயர். அதனுள்ளும் ஒரு செடியின் பெயர் பொதிந்திருக்கிறது. முதற்பெயர் செடியின் பயனைச் சொல்கிறது. இரண்டாம் பெயர் மருந்தின் பிறப்பிடத்தைச் சொல்கிறது.

இரண்டும் வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் நோக்கில் மக்கள் நாடியவையே. ஆயினும் ஒன்று மில்லிகிராம் அளவில் நிறுத்துத் தரப்படும் மருந்தாயிற்று. மற்றொன்று பாட்டியின் கைப்பக்குவமாகவே நின்றது. இந்த வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? ஒரு நாட்டவர் அறிவுடையர், மற்றொரு நாட்டவர் அறிவிலர் என்பது விடையாகாது. நம் முன்னோர் யாவும் அறிந்திருந்தனர், பிறர் திருடிச் சென்றனர் என்பதும் முழு விடையாகாது. உண்மையான விடையைக் காண, ஆஸ்பிரினின் வரலாற்றைப் படிப்படியாகப் பார்ப்பது நலம்.

ஒரு பாதிரியாரின் கடிதம்

ஆற்றங்கரைகளில் வளரும் வில்லோ மரத்தை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் மிகப் பழைமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தயோஸ்கொரிதீஸ், தம் மருந்துப் பொருள் நூலில் வில்லோவைக் காய்ச்சிய நீரைக் கீல்வாதத்திற்கு ஒற்றடமாகப் பரிந்துரைத்தார். எனினும் பதினெட்டாம் நூற்றாண்டு வரை அது பல கைம்மருந்துகளுள் ஒன்றாகவே இருந்தது.

1763ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், இலண்டன் அரச கழகத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் தற்செயலாக வில்லோப் பட்டையைச் சுவைத்தார். அதன் கடுங்கசப்பு, அக்காலத்தில் குளிர்காய்ச்சலுக்குத் தரப்பட்ட சின்கோனாப் பட்டையை அவருக்கு நினைவூட்டியது. சின்கோனா தென்னமெரிக்காவிலிருந்து வரவேண்டியது, விலையும் மிகுதி. வில்லோவோ வீட்டுக்கருகில் வளர்வது. ஈரமான நிலமே குளிர்காய்ச்சலின் இடம், அதே ஈரநிலமே வில்லோவின் இடம், ஆகவே நோய்க்கு அருகிலேயே மருந்தும் இருக்கும் என்றும் அவர் எண்ணினார். இன்றைய அறிவுக்கு இந்த எண்ணம் பொருந்தாது. ஆனால் அவர் அடுத்துச் செய்ததுதான் வரலாறாயிற்று.

ஸ்டோன் ஏறத்தாழ ஒரு பவுண்டு பட்டையைச் சேர்த்தார். அதனை ஒரு பையிலிட்டு, ரொட்டிக்காரரின் அடுப்புக்கு வெளியே மூன்று மாதங்களுக்கு மேல் உலர்த்தினார், இடித்துப் பொடியாக்கினார். தொடக்கத்தில் 20 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 1.3 கிராம் அளவில், நான்கு மணி நேரத்திற்கொரு முறை கொடுத்தார். தீங்கில்லை என்று கண்டபின் அளவைக் கூட்டினார். ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்து, பயனளித்ததை எழுதினார். சில வகைக் காய்ச்சல்களில் அது போதவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். அந்நேர்வுகளில் சின்கோனாவைச் சிறிது சேர்க்க வேண்டியதாயிற்று என்றும் குறித்தார்.

அந்தத் தோல்விக் குறிப்பு நம் கவனத்திற்குரியது. வில்லோப் பட்டை காய்ச்சலின் வெப்பத்தையும் உடல்வலியையும் தணிக்க வல்லது. ஆனால் மலேரியாக் கிருமியைக் கொல்லாது. சின்கோனாவிலிருந்து 1820இல் பிரிக்கப்பட்ட கொயினா அக்கிருமியைத் தாக்குவது. பிற்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோரைக் குளிர்காய்ச்சல் வாட்டியபோது தரப்பட்டது கொயினாவே. ஒரே கசப்புடைய இரு பட்டைகளின் செயல் வேறு வேறு என்பதற்கான முதற்குறிப்பு, ஸ்டோன் ஒளிக்காது எழுதிய அந்த வரிகளில் இருந்தது.

பட்டையிலிருந்து படிகம்

ஒரு செடியைச் சாறாகப் பிழிந்தாலும், நீரிலிட்டுக் கொதிக்க வைத்தாலும், சாராயத்தில் ஊறவைத்தாலும் கிடைப்பது ஒரே பொருளன்று. நீரில் கரைபவை நீரிலும், சாராயத்தில் கரைபவை சாராயத்திலும் இறங்குகின்றன. அந்தக் கலவைக்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கக்கூடும். அவற்றுள் எது வலியைத் தணிக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலார் எழுப்பிய கேள்வி இது.

1828இல் மியூனிக் நகரில் யோகான் புக்னர் வில்லோப் பட்டையிலிருந்து கசப்பான மஞ்சள்நிறப் பொருளைப் பிரித்தெடுத்து, வில்லோவின் இலத்தீன் பெயரான சாலிக்ஸ் என்பதைக் கொண்டு சாலிசின் எனப் பெயரிட்டார். 1829இல் பிரெஞ்சு மருந்தாளர் ஆன்றி லெரூ அதனைத் தூய்மையான படிகமாகப் பெற்றார். 1838இல் இத்தாலியரான இரஃபாயேல் பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தை உருவாக்கினார். இதே காலத்தில், ஸ்பைரியா என்று தாவர நூலார் வழங்கிய ஒரு புல்வெளிச் செடியின் பூக்களிலிருந்தும் ஓர் அமிலம் கிடைத்தது. இரண்டும் ஒன்றே என்பது சில ஆண்டுகளுக்குள் தெளிவாயிற்று. மரம் வேறு, செடி வேறு; உள்ளிருந்த பொருள் உறவுடையது.

1874இல் செருமனியின் டிரெஸ்டன் நகருக்கருகே, செடியின் துணையின்றியே சாலிசிலிக் அமிலத்தைச் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. அதன் விலை பெரிதும் குறைந்தது.

இதற்கிடையில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் தாமஸ் மக்லாகன் என்னும் மருத்துவர், மூட்டுகள் வீங்கிக் காய்ச்சலும் உண்டாகும் வாதக் காய்ச்சலுக்குச் சாலிசினைக் கொடுக்க எண்ணினார். நோயாளர்க்குக் கொடுக்குமுன் தாமே உட்கொண்டு பார்த்தார். பின்னர்க் கொடுத்தபோது காய்ச்சல் இறங்கியது, மூட்டுவலியும் தணிந்தது. 1876இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பெர்லினிலும் சாலிசிலிக் அமிலம் அந்நோய்க்குப் பயன்படுவதாக அறிவிக்கப்பட்டது. காய்ச்சல் மருந்தாகத் தொடங்கியது இவ்வாறு வீக்கத்தையும் மூட்டுவலியையும் தணிக்கும் மருந்தாயிற்று.

ஒரு பெயரும் இரு உரிமைகளும்

சாலிசிலிக் அமிலம் பயனளித்தது. ஆனால் வயிற்றைப் புண்படுத்தியது, குமட்டலை உண்டாக்கியது. இதனைத் திருத்தும் முயற்சியில், அந்த அமிலத்துடன் அசெட்டைல் தொகுதியை இணைக்க முற்பட்டனர். 1853இலேயே சார்லஸ் ஜெரார் என்னும் பிரெஞ்சு வேதியியலார் இதனைத் தூய்மையற்ற நிலையில் ஆக்கியிருந்தார். 1897 ஆகஸ்ட் 10ஆம் நாள், பாயர் நிறுவனத்தின் எல்பர்ஃபெல்டு ஆய்வகத்தில் பெலிக்ஸ் ஹோப்மன் தூய அசெட்டைல் சாலிசிலிக் அமிலத்தை உருவாக்கியதாகத் தம் ஏட்டில் குறித்தார். 1899இல் அது ஆஸ்பிரின் என்னும் வணிகப் பெயருடன் பதிவு பெற்றது. முதலெழுத்து அசெட்டைலைக் குறிப்பது. நடுப்பகுதி ஸ்பைரியாச் செடியைக் குறிப்பது. இறுதி ஒலி அக்கால மருந்துப் பெயர்களுக்குரிய விகுதி.

வாத நோயால் வருந்திய தந்தைக்காகவே ஹோப்மன் இம்மருந்தைத் தேடினார் என்னும் உருக்கமான கதையைப் பல பாடநூல்களில் காணலாம். அக்கதை அச்சில் வந்தது 1934இல். ஆனால் அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் ஐகன்குரூன், ஆய்வைத் திட்டமிட்டு ஹோப்மனுக்குப் பணித்தவர் தாமே என்று 1949இல் எழுதினார். அவர் யூதர். நாத்சி ஆட்சியில் அவருடைய பங்கை வெளிப்படையாகச் சொல்ல எவரும் முன்வரக்கூடிய காலமன்று அது. 1944இல் அவர் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலை பெற்றுத் தம் கூற்றை அச்சேற்றிய அதே ஆண்டில் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் வால்டர் ஸ்னீடர் என்னும் ஆய்வாளர் பழைய ஏடுகளை ஆராய்ந்து ஐகன்குரூனின் கூற்றே ஏற்கத்தக்கது என்று எழுதினார். நிறுவனம் அதை ஏற்கவில்லை.

மருந்தின் வரலாறும் மனிதர் எழுதியதே என்பதை மாணவர்கள் இங்கு உணர வேண்டும். யார் எழுதினார், எந்த ஆண்டில் எழுதினார், அப்போது யார் பேச இயலாதிருந்தார் என்னும் மூன்று கேள்விகளைக் கேளாமல் எந்தக் கதையையும் ஏற்றல் கூடாது. அந்தக் கேள்விகள் பிறர் வரலாற்றுக்கு மட்டுமல்ல, நம் வரலாற்றுக்கும் உரியவை.

எழுபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விளக்கம்

ஆஸ்பிரினைக் கோடிக்கணக்கானோர் உட்கொண்டனர். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதோ நெடுங்காலம் விளங்கவில்லை. 1971இல் இலண்டனில் ஜான் வேன் அதற்கு விடை கண்டார்.

அழற்சியின் அடையாளங்கள் சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல் என நான்கு என்று உரோமானியர் காலத்திலேயே சொல்லப்பட்டது. உடலில் காயம் பட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் சுரந்து இந்நான்கிற்கும் துணைபுரிகின்றன. அவற்றை ஆக்குவதற்கு ஒரு நொதி வேண்டும். ஆஸ்பிரின் அந்நொதியைச் செயலிழக்கச் செய்கிறது; புரோஸ்டாகிளாண்டின் குறைகிறது; வீக்கமும் வலியும் தணிகின்றன. இக்கண்டுபிடிப்புக்காக வேன் 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இந்த விளக்கம் மருந்தின் தீமையையும் விளக்கியது. அதே புரோஸ்டாகிளாண்டின்களே இரைப்பையின் உட்சுவரைக் காக்கின்றன. ஆகவே வலியைத் தணிக்கும் செயலே வயிற்றில் புண்ணையும் உண்டாக்கக்கூடும். குருதி உறைவதையும் ஆஸ்பிரின் தடுக்கிறது. மாரடைப்பு வந்தோர்க்கு இது நன்மை. டெங்கிக் காய்ச்சல் கண்டோர்க்கு இது பேரிடர், குருதிக் கசிவை மிகுவிக்கும். டெங்கி நடமாடும் நம் நாடுகளில், காய்ச்சலின் காரணம் தெரியாமல் ஆஸ்பிரின் உட்கொள்ளக் கூடாது என்று மருத்துவர் எச்சரிப்பது இதனாலேயே. காய்ச்சல் கண்ட சிறுவர்க்கும் இதைத் தருவதில்லை. ரை நோய்க்குறி என்னும் அரிய, உயிர்க்கு ஊறு செய்யும் நிலையுடன் இதற்குத் தொடர்பு கண்டறியப்பட்டதே காரணம்.

செடியிலிருந்து வந்தது ஆதலின் தீங்கற்றது என்னும் நம்பிக்கைக்கு இவ்வரலாற்றில் இடமே இல்லை. வேலை செய்யும் பொருள் எதற்கும் அளவும் எல்லையும் உண்டு.

முடக்கறுத்தான் நிற்கும் இடம்

இனி நம் கொடிக்குத் திரும்புவோம். முடக்கறுத்தானின் காய் காற்றடைத்த பைபோல் இருக்கும். உள்ளே இருக்கும் கரிய விதையில் வெண்ணிற இதய வடிவம் ஒன்று தோன்றும். தாவர நூலார் அதற்கிட்ட கார்டியோஸ்பெர்மம் என்னும் கிரேக்கப் பெயருக்கு இதய விதை என்பதே பொருள். கிரேக்கப் பெயர் விதையின் தோற்றத்தைப் பார்த்தது. தமிழ்ப் பெயர் மக்களின் துன்பத்தைப் பார்த்தது.

இக்கொடியின் வடிசாறுகளும் ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டுள்ளன. வீக்கத்தை ஆய்வதற்கு 1962 முதல் வழங்கிவரும் ஒரு முறை உண்டு. கராஜீனன் என்னும் பொருளை எலியின் பாதத்தில் செலுத்தினால் சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். வடிசாறு பெற்ற எலிகளின் வீக்கத்தையும் பெறாத எலிகளின் வீக்கத்தையும் அளந்து ஒப்பிடுவர். கராஜீனன் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. சாபா மாநிலத்தின் செம்போர்னாக் கடற்பகுதியில் அதற்காகவே பாசி வளர்க்கின்றனர். இத்தகைய சோதனைகளில் முடக்கறுத்தான் வடிசாறு வீக்கத்தைக் குறைத்தது உண்மை.

ஆனால் எலியின் பாதம் மனிதரின் முழங்கால் அன்று. எந்தப் பொருள், எந்த அளவில், எத்தனை நாள், யாருக்குத் தகாது என்பவற்றுக்கு விடை காண, பெருந்தொகையான நோயாளரைக் கொண்டு நடத்தும் ஒப்பாய்வுகள் வேண்டும். ஸ்டோனின் பட்டை வேனின் விளக்கத்தை அடைய 208 ஆண்டுகள் ஆயின. முடக்கறுத்தான் அப்பயணத்தின் தொடக்கப் படிகளில் நிற்கிறது என்று சொல்வதில் நமக்கு இழுக்கில்லை. அதனைக் கடந்துவிட்டதாகச் சொல்வதே இழுக்கு.

மஞ்சளைக் காத்த ஏடுகள்

எழுத்தின் வலிமைக்கு மஞ்சளின் வழக்கு சான்று. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை 1815இல் வோகல், பெல்லத்தியே என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். கொயினாவைப் பிரித்த இருவருள் ஒருவர் இதே பெல்லத்தியே. 1910இல் குர்குமினின் வேதி அமைப்பு தெளிவாயிற்று. குர்குமின் அழற்சியைத் தணிப்பதை ஆய்வகங்கள் காட்டின; எனினும் உண்டபின் குருதியில் மிகச் சிறிதளவே அது சேர்கிறது என்பதால், மருந்தாக்கும் முயற்சி எளிதாக அமையவில்லை.

1995இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர் இருவர், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். நம் வீட்டுச் சிறுவரும் அறிந்த ஒரு செயல் தனியார் உரிமையாயிற்று. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் அதனை எதிர்த்தது. எங்கள் பாட்டி செய்தார் என்று சொன்னால் காப்புரிமை அலுவலகம் ஏற்காது. முன்பே எழுதப்பட்டதற்குச் சான்று வேண்டும். சமற்கிருதம், உருது, இந்தி மொழி நூல்களும் 1953இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை ஒன்றும் உள்ளிட்ட 32 சான்றுகள் காட்டப்பட்டன. 1997இல் காப்புரிமை நீக்கப்பட்டது. அந்தப் பட்டறிவின் பயனாக 2001இல் மரபறிவு மின்னூலகம் உருவாக்கும் பணி தொடங்கிற்று. அதில் சித்த மருத்துவத் தமிழ் நூல்களின் செய்திகளும் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், ஸ்பானியம், சப்பானியம் ஆகிய மொழிகளில் தரப்படுகின்றன. எழுதி வைக்கப்பட்டதாலேயே அவற்றைக் காக்க முடிந்தது.

ஒரு சொல்லின் பொறுப்பு

இறுதியாக, தமிழ் பயிற்றுவோர் உள்ளத்தில் நிறுத்த வேண்டிய ஒரு செய்தி. வில்லோவுக்குத் தமிழில் என்ன பெயர்? விவிலியத்தின் பழைய தமிழ்ப் பெயர்ப்பில், 137ஆம் சங்கீதத்தில் பாபிலோனின் ஆற்றங்கரை மரங்களைக் குறிக்க அலரி என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. ஆங்கிலப் பெயர்ப்புகள் அவ்விடத்தில் வில்லோ என்கின்றன. பாடலில் இதனால் ஊறேதும் இல்லை. இசைக்கருவிகளைத் தொங்கவிட எந்த மரமும் ஆகும். ஆனால் நம் வழக்கில் அலரி என்பது அரளி. அதன் இலையும் பட்டையும் விதையும் வேரும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அகரமுதலியை மட்டும் நம்பி ஒருவர் வில்லோப் பட்டைக் கியாழத்தை அலரிப் பட்டைக் கியாழம் என்று மொழிபெயர்த்தால், அந்த ஒரு சொல் உயிரைக் கொல்லும்.

மருந்துச் செடிகளைப் பொறுத்தவரை சொல்லாய்வு என்பது புலமை விளையாட்டன்று. ஒரே செடிக்கு ஊர்தோறும் பெயர் மாறுகிறது. ஒரே பெயரை இரு செடிகள் தாங்குகின்றன. தமிழகத்திலிருந்து கடல்கடந்து வந்த நம் மூதாதையர் செடிப் பெயர்களையும் உடன் கொண்டுவந்தனர். தோட்டப்புற வாழ்வு குறைந்து, குடும்பங்கள் அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்த இக்காலத்தில், அப்பெயர்களை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்களுடன் பெயர் மறைந்தால், ஆராய்வதற்குரிய கேள்வியே மறைந்துவிடும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் ஒரு செடியைப் பற்றிக் கேட்டு எழுதட்டும். முதியவர் வழங்கிய பெயர், அவர் ஊர், செடியின் எந்த உறுப்பு, எவ்வாறு பக்குவம் செய்தார், எதற்காகக் கொடுத்தார், எப்போது பயனளிக்கவில்லை, யாருக்குக் கொடுக்கலாகாது என்றார் ஆகிய ஏழையும் தேதியிட்டுக் குறிக்கட்டும். செடியின் படத்தை அறிவியல் ஆசிரியரிடம் காட்டித் தாவரவியற் பெயரையும் உறுதிசெய்து சேர்க்கட்டும். எதையும் சுவைத்துப் பார்க்க வேண்டா, எழுதினால் போதும்.

ஸ்டோனின் கடிதம் அரச கழகத்தின் இதழில் அச்சானபோது அவருடைய பெயரே எட்மண்ட் எனப் பிழையாக வந்தது. ஆயினும் அவர் எழுதிய அளவுகள் பிழையின்றி நின்றன. அவற்றைப் பின்வந்தோர் சரிபார்க்க முடிந்தது. நம் பாட்டிமார் பலர்க்குப் பெயரும் அச்சேறவில்லை, அளவும் அச்சேறவில்லை. பெயரை இனி மீட்பது அரிது. எஞ்சியுள்ள அளவுகளையேனும் இந்தத் தலைமுறை எழுதிவைக்கலாம்.